சாரல் ஊரில் வீடு வரைவது எப்படி: மனை பார்ப்பதிலிருந்து முதல் மழை வரை

தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டை, புளியரை, பண்பொழி, வடகரை பக்கம் வீட்டுக்குப் படம் வரைந்து கொடுத்து, கட்டி முடியும் வரை கூட நிற்பது என் தொழில். என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். மனையின் நீள அகலம் கைக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து ஹால், பெட்ரூம், கிச்சன் என்று கட்டம் போட்டுவிடுகிறார்கள். படம் போடுவது கடைசிக்கு முந்தின வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் அதற்கான செலவு ஆனி மாதம் தகர ஷீட்டாக வந்து வாசலில் நிற்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பட்டா, எஃப்எம்பி (சர்வே எண்ணுக்கான நில அளவை) வரைபடம், 30 மீட்டர் டேப், 50 அடி டியூப், ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி, இருபது குச்சி, நூல்கண்டு, ஒரு நோட்டு. மலையடி ஊர்களில் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பது. இருந்தால் அனுமதி வாங்கும் பாதையே வேறு. படம் வரைந்த பிறகு தெரிந்தால் எல்லாமே முதலிலிருந்து.

1. மனைக்கு இரண்டு பருவத்தில் போங்கள்

இங்கே மழை இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கேயிருந்து அடிக்கிற மேல்காற்று, கூடவே சாரல். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்து கொட்டுகிற மழை. பங்குனியில் மட்டும் மனையைப் பார்த்தவனுக்கு இரண்டுமே தெரியாது.

இதை நான் கற்றுக்கொண்டது என் சொந்தத் தப்பில். புளியரைக்குப் பக்கத்தில் ஒரு மனை, மேற்கே ரோடு. பங்குனியில் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, மேற்கு வாசல், 4 அடி வராந்தா, நேரே ஹாலுக்குப் பெரிய இரட்டைக் கதவு என்று வரைந்தேன். அடுத்த வருஷம் வைகாசியில் பால் காய்ச்சினார்கள். ஆனி பிறந்து ஒரு வாரம்தான், போன் வந்துவிட்டது. “அண்ணாச்சி, ஹாலுக்குள்ள குடை பிடிச்சுக்கிட்டு இருக்கோம், வந்து பாருங்க.” போனேன். சோபா கிழக்குச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. டிவிக்கு பாலிதீன் உறை. வாசல்படியில் பழைய சேலையை முறுக்கி அணை மாதிரி போட்டிருந்தார்கள், அதையும் தாண்டித் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கடைசியில் முன்னால் 10 அடிக்கு ஷீட் போட்டார்கள். சாரல் நின்றது. ஹால் இருட்டாகி, இன்றைக்கும் அங்கே பட்டப்பகலில் டியூப்லைட் எரிகிறது.

ஒரு வருஷம் காத்திருக்க முடியாது என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளைச் சுற்றி வாருங்கள். எந்தச் சுவரில் பாசி கறுத்திருக்கிறது, எந்த வாசலில் தார்ப்பாய் தொங்குகிறது, தென்னை எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். கட்டி முடித்த பிறகு ஒட்டுப்போட்ட ஷீட் ஒவ்வொன்றும், அந்த வீட்டை வரைந்தவர் பார்க்காமல் விட்டது எது என்று சொல்லும்.

இன்னொன்று. புளியரை மாதிரிச் சுரண்டையிலும் சாரல் பெய்யும் என்று நினைக்காதீர்கள். கிழக்கே போகப்போகச் சாரல் நின்று, வெறும் காற்றும் புழுதியும்தான். அங்கே இதே படம் வேறு காரணத்துக்காகத் தோற்கும்.

2. தண்ணீர் வரும் வழி, போகும் வழி

மனையின் நாலு மூலைக்கும் தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்து உயர வித்தியாசத்தை நோட்டில் எழுதுங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற 5 சென்ட் மனையில் ஒரு அடி வித்தியாசம் சாதாரணம். அந்த ஒரு அடியைத் தெரிந்துகொண்டால் செப்டிக் டேங்க் எங்கே, மழைநீர்த் தொட்டி எங்கே, பின்வாசலுக்கு எத்தனை படி என்பதெல்லாம் தானாகவே முடிவாகும்.

எஃப்எம்பியில் வாய்க்கால், ஓடை எதுவும் மனையைத் தொட்டுப் போகிறதா என்று பாருங்கள். தரையில் வாய்க்கால் தூர்ந்து மறைந்திருக்கலாம். கார்த்திகையில் தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்துவிடும்.

அப்புறம் கூரைத் தண்ணீர்க் கணக்கு. 1000 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். 10 செ.மீ. பெய்கிற ஒரு நாளில் 9000 லிட்டருக்கு மேல். இத்தனையையும் ஒரே குழாயில் இறக்கி வாசலில் விடுகிற படங்களை வாராவாரம் பார்க்கிறேன். குழாய்கள் இறங்கும் இடத்தை இப்போதே குறித்துவிட்டால், பின்னால் சன்னலுக்குக் குறுக்கே பிவிசி பைப் ஓடாது.

3. மண்ணைக் குழி போட்டுப் பாருங்கள்

3 அடிக்கு 3 அடி, ஆழம் 5 அடி. கூலி ஒரு நாள். செம்மண்ணும் அதன் கீழே சரளும் வந்தால் நிம்மதி. நஞ்சையாக இருந்து மனையான இடத்தில் மேலே கொட்டிய செம்மண்ணைத் தாண்டியதும் கறுப்பாகக் களி வரும், குழியில் தண்ணீர் ஊறும். அந்த இடத்தில் அஸ்திவாரத்தைப் பற்றிக் கட்டமைப்பு இன்ஜினியர் சொல்கிறவரை படத்துக்குப் போகாதீர்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றில் சித்திரையில் எத்தனை உறை தெரிகிறது, கார்த்திகையில் எத்தனை உறை தெரிகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் செப்டிக் டேங்க் தண்ணீர் இறங்கும் உறிஞ்சுகுழிக்கும் நடுவே குறைந்தது 60 அடி வேண்டும். சின்ன மனையில் இது ஒன்றே பாதிப் படத்தை முடிவு செய்துவிடும்.

4. வெயிலைக் குச்சி வைத்து அளவெடுங்கள்

வடக்குச் சுவரில் வெயில் படாது என்று புத்தகத்தில் படித்தவர்கள் சொல்வார்கள். மத்தியான வெயிலைப் பொறுத்தவரை அது டெல்லிக்குச் சரி. செங்கோட்டை கிட்டத்தட்ட 9 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமிருந்துதான். ஒரு குச்சியை நட்டு மே மாதம் மத்தியானம் பாருங்கள், நிழல் தெற்கே விழும். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை வடக்கே விழும்.

இதிலிருந்து சன்ஷேட் அளவு கிடைக்கிறது. டிசம்பர் மத்தியானம் தெற்கே சூரியன் சுமார் 57 டிகிரி உயரத்தில் நிற்கும். 4 அடி உயரத் தெற்குச் சன்னலை முழுக்க நிழலில் வைக்க இரண்டரை அடி சன்ஷேட் வேண்டும். அதே சன்னல் வடக்கே இருந்தால் ஜூன் மத்தியானத்துக்கு ஒரு அடி போதும். நாலு பக்கமும் ஒன்றரை அடி என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவதில் தெற்கே பற்றாது, வடக்கே வீண். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்ந்து வருவதால் எந்த சன்ஷேட்டும் தடுக்காது. வராந்தாவோ மரமோதான் தடுக்கும்.

திசை பார்க்கப் போன் காம்பஸை நம்பிக் கம்பிக் கட்டுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். குச்சி நிழலையும் வைத்துச் சரிபாருங்கள்.

5. குடியிருக்கப் போகிறவர்களின் ஒரு நாளைப் பாருங்கள்

இந்த வேலைக்கு நான் ஒரு முழுநாள் ஒதுக்குகிறேன். எத்தனை பெட்ரூம் வேண்டும் என்று கேட்டால் பதில் எப்போதும் மூன்று. அதனால் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இப்போது இருக்கிற வீட்டில் போய் உட்கார்ந்து கவனிக்கிறேன். காலையில் முதலில் எழுவது யார், அவர் போடுகிற லைட் யார் முகத்தில் அடிக்கிறது? ஆனி, ஆடியில் ஈரத்துணி எங்கே காய்கிறது? பைக் எங்கே நிற்கிறது? செருப்பு எங்கே குவிகிறது?

எங்கள் ஊருக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது: குற்றால சீசனுக்கு எத்தனை பேர் வருவார்கள்? சிரிக்காதீர்கள். பன்னிரண்டு பேர் ஈரத் துண்டோடு வந்து இறங்குகிற வீட்டுக்கு வெளியே ஒரு குழாயும், வெளியிலிருந்தே நுழைகிற குளியலறையும், மேலே கூரையும் பக்கத்தில் திறப்பும் உள்ள துணி காயும் இடமும் இருந்தால் போதும். ஒரு விருந்தினர் அறை மிச்சம்.

இன்னொரு சிக்கல்: பணம் அனுப்புகிறவர் வளைகுடாவில், குடியிருப்பவர் இங்கே. வாட்ஸ்அப்பில் “கேரளா மாடல் எலிவேஷன்” படம் வந்து விழும். அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிறவரிடம் பேசுங்கள்.

ஒரு வீட்டில் அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும், பீடி சுற்றுகிறவர். அவர் உட்காரும் இடம் தார்சாவின், அதாவது முன்கூடத்தின், வாசல்படி. நிலைக்கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, மடியில் சுளவு (முறம்). கத்தரித்த இலை ஒரு பக்கம், புகையிலைத் தூள் நடுவில். கண் சுளவை விட்டு எழுவதே இல்லை. காலையில் வாசல்படி, பத்து மணிக்கு மேல் சன்னலடி, மூன்று மணிக்குப் புறவாசல் என்று வெளிச்சத்தின் பின்னால் ஒரு நாளில் மூன்று தடவை இடம் மாறினார். ஒவ்வொரு தடவையும் நனைத்த இலைச் சாக்கை இழுத்துக்கொண்டு போனார். “எனக்குன்னு ரூமெல்லாம் வேண்டாம் தம்பி. இந்த வாசப்படி வெளிச்சம் இருந்தா போதும்” என்றார்.

மகன் அனுப்பிய படத்தில் அந்த வாசல்படி இல்லை. கார் நிற்கும் போர்டிகோதான் இருந்தது.

நான் குறித்துக்கொண்டவை இவை. நாள் முழுக்கச் சீரான வெளிச்சம். காற்று நேரே அடிக்கக் கூடாது, அடித்தால் தூள் பறக்கும். பேரப்பிள்ளையின் தொட்டிலும் அடுப்படியும் தள்ளி இருக்க வேண்டும். கைக்கெட்டும் உயரத்தில் இலைச் சாக்குக்கு ஒரு மாடக்குழி. உட்கார்ந்தபடி தெருவில் போகிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேச முடிய வேண்டும். சாரல் காலத்தில் காற்றுக்கு மறைவான பக்கம் கிழக்கு என்பதை முதல் கட்டத்திலேயே எழுதி வைத்திருந்தோம் அல்லவா? கிழக்கே 6 அடி அகல வராந்தா, தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கும் தாழ்ந்த சன்னல், ஐப்பசி மழைக்கு இறக்கிவிட ஒரு தட்டி. அந்த வீட்டின் படத்தில் முதலில் உட்கார்ந்தது இந்த வராந்தாதான். மற்ற அறைகள் அதைச் சுற்றி வந்தன.

6. சுவர் போடாமல் இடங்களை வையுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டுக் காகிதம்: சமையல், தூக்கம், பீடி, துணி, பைக், பூஜை. மனையின் பெரிய காகிதத்தில் இவற்றை நகர்த்திப் பாருங்கள். சுவர் வரைந்துவிட்டால் அதை அழிக்க மனசு வராது; காகிதத்தை நகர்த்துவதற்குத் தயக்கம் இருக்காது.

மேற்கே மாடிப்படி, சாமான் அறை, குளியலறை மாதிரி ஆள் அதிக நேரம் இராத இடங்களை வைத்தால் சாரலையும் மாலை வெயிலையும் அவை வாங்கிக்கொள்ளும். ஆனால் கழிப்பறை மேற்கே போனால் மேல்காற்று வாடையை உள்ளே தள்ளும். அதனால் அதன் சன்னல் வடக்குச் சுவரில் இருக்கட்டும், கதவு ஹாலைப் பார்த்துத் திறக்க வேண்டாம்.

வாஸ்து கேட்பார்கள். நான் சண்டை போடுவதில்லை. அடுப்படி தென்கிழக்கு மூலையில் என்பது மேல்காற்று ஊரில் நன்றாகவே வேலை செய்கிறது, தாளிப்பு நெடி வீட்டுக்குள் வராமல் வெளியே போய்விடும். வாசல் மேற்கேதான் என்று பிடிவாதம் பிடித்தால், வாசலுக்கு நேரே ஹாலைத் திறக்காமல், தார்சாவில் ஒரு திருப்பம் வைத்துத் தெற்கோ வடக்கோ பார்த்து உள்ளே நுழைய விடுங்கள். பழைய வீடுகளின் நுழைவு நடையில் இந்தத் திருப்பம் இருக்கும்.

காட்டோரம் இருக்கிற மனையில் வாழையும் பலாவும் வீட்டை ஒட்டி வேண்டாம். வடகரை, மேக்கரை பக்கம் யானை வருவது ஊரறிந்த கதை.

7. முதலில் கூரை, பிறகு அறை

அறைகளை வரைந்துவிட்டு மேலே கூரையை மூடி மாதிரி போட்டால் மூலைக்கு மூலை இரண்டு சரிவு சேரும் பள்ளத்தாக்கு விழும், ஒவ்வொரு பள்ளத்தாக்கும் ஒழுகும். முதலில் கூரையை எளிமையாக முடிவு செய்து, அதன் அடியில் அறைகளை அடக்குங்கள்.

ஓட்டுக் கூரை என்றால் சரிவு 30 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். குறைந்தால் காற்றோடு வரும் சாரல் ஓட்டின் அடியில் ஏறிவிடும். முக்கோண முகப்பை மேற்கே காட்டாதீர்கள். நாலு பக்கமும் சரியும் கூரைதான் காற்றுக்குத் தோது. மேற்கே இறவாரம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) 3 அடி நீண்டு, 7 அடி உயரத்துக்குத் தாழ்ந்து வரட்டும். கடைசி இரண்டு வரிசை ஓட்டைக் கம்பியால் கட்டுங்கள், காற்றுக்கும் குரங்குக்கும்.

மலைக்கு அந்தப்புறம் கேரளாவில் பார்த்துவிட்டுச் சாய்ந்த கான்கிரீட் போட்டு மேலே ஓடு ஒட்டுகிறவர்கள், அங்கே இருக்கிற நீண்ட இறவாரத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அழகு வருகிறது, சுவர் நனைகிறது.

தட்டட்டி, அதாவது தட்டையான கான்கிரீட் கூரை என்றால் 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் (சரிவு). அந்த வாட்டம் கிழக்கு, தெற்கு என்று காற்றுக்கு மறைவான பக்கம் இறங்கட்டும்.

8. சன்னல்

மேற்கே சன்னலே வேண்டாம் என்பது தப்பு, சித்திரையில் வெந்துவிடுவீர்கள். மேற்கே சின்னதாக இரண்டு, கிழக்கே பெரிதாக, கொஞ்சம் உயரத்தில் ஒரு வெளியேற்றம். உள்ளே வரும் காற்றுக்குப் போக வழி இல்லாவிட்டால் அது கதவை அறைவதோடு சரி.

மேற்குச் சன்னலுக்கு மேலே மட்டும் சன்ஷேட் போட்டால் பற்றாது. பக்கவாட்டிலும் பலகை மாதிரி இழுத்துப் பெட்டியாக்குங்கள். சன்ஷேட்டின் அடியில், முனையிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே ஒரு காடி, அதாவது நீளப் பள்ளக்கோடு, வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். ஒவ்வொரு கதவிலும் காற்றில் அறையாமல் பிடிக்க நல்ல கொண்டி.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிய, ஓட்டை விட்டு அடுக்கும் செங்கல் ஜாலிச் சுவர்களைப் பார்த்துவிட்டு வந்து, இங்கே மேற்குச் சுவரில் அதையே கேட்கிறார்கள். ஒரு ஆனிச் சாரலில் மெத்தை நனைந்துவிடும். ஜாலி வேண்டுமா, மாடிப்படிக்கோ கிழக்கு வராந்தாவுக்கோ வையுங்கள்.

9. சுண்ணாம்புக் கோடு

துண்டுக் காகிதம் ஓரளவு அமைந்ததும், மனையிலேயே முழு அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குடும்பத்தை நடக்க விடுங்கள். கதவு இருக்கும் இடத்தில் இரண்டு குச்சி. பாட்டி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய் வரட்டும். அங்கேதான் இரண்டரை அடிக் கதவு பற்றாது என்று தெரியும். 3 அடி ஆக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெட்டவெளியில் எல்லா அறையும் சின்னதாகத்தான் தெரியும். “இதுக்குள்ள கட்டில் போடவா?” என்பார்கள். பயந்து அறையைப் பெரிதாக்காதீர்கள். அதே அளவில் கட்டி முடித்த அறை ஒன்றுக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

பேஸ்மட்டத்தின், அதாவது வீட்டுத் தரையின், உயரத்தையும் இங்கேயே பேசி முடியுங்கள். ரோடு போடப்போட உயர்ந்துகொண்டே வருவதால் ரோட்டிலிருந்து இரண்டடியாவது வேண்டும். அவ்வளவு உயரத்துக்கு வயசானவர்கள் ஏற, படி 6 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, பக்கத்தில் பிடிமானம் வேண்டும். சறுக்குத்தளம் என்றால் ஓர் அங்குலம் ஏற ஒரு அடி நீளம்: இரண்டடிக்கு 24 அடி. முன்னால் அவ்வளவு இடம் யாரிடமும் கிடையாது. இரண்டாவது கட்டத்தில் எடுத்த மட்டம் இங்கே கைகொடுக்கும். மனையின் உயர்ந்த மூலை பின்பக்கம் என்றால் பின்வாசலுக்குப் பாதி நீளம் போதும்.

10. இப்போது படம்

இதுவரை வந்திருந்தால் படம் இரண்டு நாள் வேலை. சுற்றி விட வேண்டிய இடம், உயரம் எல்லாவற்றுக்கும் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இருக்கிறது. மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். அதைப் பார்த்துச் சரிசெய்து அனுமதிக்குக் கொடுங்கள்.

கொத்தனாருக்குத் தனியாக ஒரு தாள் எழுதுங்கள். பெரிய படத்தை அவர் காலையில் ஒரு தடவை பார்ப்பார், அவ்வளவுதான். காடி, வாட்டம் இறங்கும் பக்கம், மாடக்குழியின் உயரம், சன்னல் அடிப்பூச்சு வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும் என்பது: இந்த நாலும் அந்தத் தாளில் இருக்கட்டும். வழக்கமாக விட்டுப்போகிறவை இவைதான். சன்னலின் அடிமட்டம் வருகிற அன்றும், அதற்கு மேலே லிண்டல் விட்டம் வருகிற அன்றும் நீங்கள் நேரில் நில்லுங்கள். பீடி வராந்தாவின் தாழ்ந்த சன்னலை, “வழக்கமா மூணடிதானே” என்று உயர்த்திக் கட்டிவிட்டார் ஒரு மேஸ்திரி. சுவரை உடைத்து இறக்கினோம். கூலி என் கணக்கில்.

11. முதல் ஆனிக்கு மறுபடியும் போங்கள்

பில் செட்டில் ஆகிவிட்டது என்று நின்றுவிடாதீர்கள். முதல் சாரலின்போது, மழை விட்ட பிறகு போகாமல், பெய்யும்போதே போங்கள். மேற்குச் சுவரின் உள்பக்கம் கை வைத்துப் பாருங்கள். சன்னல் மூலைகளில் ஈரம் இருக்கிறதா? எந்தக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்? துணி எங்கே காய்கிறது? நாம் குறித்த இடத்தில் காயாவிட்டால் ஏன் என்று கேளுங்கள்.

பீடி வராந்தா வீட்டுக்குப் போனபோது அம்மா அங்கேதான் இருந்தார், அதே மாதிரி காலை நீட்டிக்கொண்டு. மாடக்குழியில் மட்டும் இலைச் சாக்கு இல்லை, போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சாக்கு பழையபடி தரையில். “அது எட்டல தம்பி, தோள் வலிக்குது” என்றார். இரண்டடி உயரத்தில் வைத்திருந்தேன். அடுத்த வீட்டிலிருந்து ஒன்றேகால் அடி.